நாய்க்குட்டியின் பாதத்தில் ஒரு சிறு கட்டி: அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டில் பத்து மாத நாய்க்குட்டி ஒன்று துள்ளித் திரிகிறது. பள்ளி முடிந்து வரும் பிள்ளையின் காலடிச் சத்தம் கேட்டாலே போதும், கேட்டருகே ஓடிவந்து வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அதனைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது, முன்னங்கால் விரலுக்குச் சற்று மேலே ஏதோ ஒன்று பிள்ளையின் கையில் தட்டுப்படுகிறது. சிவப்பாக, உருண்டையாக, முடி உதிர்ந்து, சட்டைப் பொத்தானைப் போல மேலெழும்பி நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு அங்கே ஒன்றுமே இல்லை.

அடுத்த அரை மணி நேரத்தில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து பிறந்துவிடுகிறது. "இது வெறும் மருதான். தலைமுடியை எடுத்து இறுக்கிக் கட்டு, இல்லாவிட்டால் கொஞ்சம் சுண்ணாம்பு வை, தானாக விழுந்துவிடும்" என்கிறார் பாட்டி. "குட்டிதானே அம்மா, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்கிறார் அப்பா. வேலிக்கு அப்பால் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரோ, "எதற்கும் பார்த்துக்கொள்ளுங்கள், புற்றுநோயாக இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். பிள்ளை மட்டும் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்கிறாள்: "அப்பா, இது செத்துப் போய்விடுமா?"

நாய் வளர்க்கும் பல குடும்பங்கள் என்றாவது ஒருநாள் சந்திக்கும் நிலைமைதான் இது. இந்த மூவரின் கருத்திலும் ஓரளவு உண்மை இருக்கிறது. பாட்டி சொல்வதுபோல் அது மருவாக இருக்கலாம். அப்பா எதிர்பார்ப்பதுபோல் தானாக மறைந்தும் போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் அஞ்சுவதுபோல் கெட்ட கட்டியாக இருப்பதற்கும் சிறிய வாய்ப்பு உண்டு. ஆனால், இவற்றுள் எது உண்மை என்பதைக் கண்ணால் பார்த்தோ விரலால் தொட்டோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

முதலில் அது கட்டிதானா?

கவலைப்படுவதற்கு முன், நல்ல வெளிச்சத்தில் நாயைப் படுக்கவைத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கட்டியே இல்லாத ஒன்றைக் கட்டி என்று எண்ணி மருத்துவரிடம் ஓடி வருபவர்களும் உண்டு.

நாயின் முன்னங்காலின் பின்புறத்தில், பாதத்துக்குச் சற்று மேலே, மணிக்கட்டு போன்ற இடத்தில் தனியாக ஒரு சிறு மெத்தை இருக்கும். தரையில் படாத அந்த மெத்தை இயற்கையாகவே எல்லா நாய்களுக்கும் உள்ளது. இரண்டு முன்னங்கால்களிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் அது நோயல்ல. எனவே, எதைக் கண்டாலும் மறுகாலையும் எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது உண்ணி. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நாய் உண்ணிகள் ஆண்டு முழுவதும் பெருகுகின்றன. அவை விரும்பி ஒளிந்துகொள்ளும் இடங்களுள் காதும் விரலிடுக்கும் முக்கியமானவை. இரத்தம் குடித்துப் பருத்த உண்ணி, சாம்பல் நிறத்தில் ஒரு சிறு கட்டியைப் போலவே காணப்படும். உற்றுப் பார்த்தால் தோலோடு ஒட்டிய இடத்தில் அதன் சிறு கால்கள் தெரியும். அதை நசுக்கக் கூடாது. நெருப்பு வைத்துச் சுடவும் கூடாது. நுனி கூரான இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து, நேராக மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும்.

மூன்றாவது, விரலிடுக்கில் வரும் சீழ்க்கட்டி. முள்ளோ, புல்லின் கூரிய விதையோ குத்தி உள்ளே தங்கிவிட்டாலும், முடியின் வேர்ப்பகுதியில் கிருமி புகுந்தாலும் இது உண்டாகும். இளம் நாய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத டெமோடெக்ஸ் என்னும் பூச்சியாலும் வரக்கூடும். இது பெரும்பாலும் வலிக்கும். நாய் நொண்டும், தொட்டால் காலை இழுத்துக்கொள்ளும், உடைந்தால் சீழோ இரத்த நீரோ வடியும். இதற்கு முறையான மருந்து தேவை.

நான்காவதுதான் பாட்டி சொன்ன மரு. இளம் நாய்களுக்கு ஒரு வகை வைரஸ் கிருமியால் மரு வருவது உண்மையே. இது பெரும்பாலும் வாயிலும் உதட்டிலும் பூக்கோசைப் போலச் சொரசொரப்பாக வரும், சில சமயம் பாதத்திலும் வரும். நாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வளர்ந்ததும், சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். இது மற்ற நாய்களுக்குத் தொற்றக்கூடியது. மனிதர்களுக்குத் தொற்றாது.

பொத்தான் கட்டி என்பது என்ன?

இவை எதுவும் இல்லாமல், வழவழப்பாக, சிவப்பாக, வலியில்லாமல், சில வாரங்களுக்குள் திடீரென்று முளைத்த உருண்டையாக இருந்தால், கால்நடை மருத்துவரின் நினைவுக்கு முதலில் வரும் பெயர் ஹிஸ்டியோசைட்டோமா. பார்ப்பதற்குப் பொத்தான் போல இருப்பதால் இதனைப் பொத்தான் கட்டி என்றும் அழைப்பர்.

இது எந்த வயதிலும் வரலாம் என்றாலும், நான்கு வயதுக்கு உட்பட்ட நாய்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. தலை, காது மடல், கால்கள் ஆகியவை இது தோன்றும் வழக்கமான இடங்கள். பொதுவாக ஒன்றுதான் வரும். ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் வேகமாக வளர்ந்து, பெரும்பாலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும்.

இந்தக் கட்டி எதிலிருந்து உண்டாகிறது? மனிதர்களின் தோலிலும் விலங்குகளின் தோலிலும் லாங்கர்ஹான்ஸ் அணுக்கள் என்னும் காவல் அணுக்கள் உள்ளன. வெளியிலிருந்து நுழையும் கிருமிகளைப் பிடித்து, நோய் எதிர்ப்புப் படைக்கு அடையாளம் காட்டுவது இவற்றின் வேலை. 1868ஆம் ஆண்டில் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தமது 21ஆம் வயதில் இவற்றைக் கண்டறிந்து எழுதினார். இவை நரம்பு அணுக்கள் என்றே அவர் கருதினார். இவற்றின் காவல் வேலை நெடுங்காலத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. நாய்களின் பொத்தான் கட்டி இந்தக் காவல் அணுக்களின் பெருக்கத்தால் உண்டாவது என்பதை, அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் பீட்டர் மூரும் அவருடைய குழுவினரும் 1996இல் எடுத்துக்காட்டினர்.

இங்கேதான் இயற்கையின் விந்தை இருக்கிறது. அளவுக்கு மீறிப் பெருகிய இந்த அணுக்களை உடலே அடையாளம் கண்டுகொள்கிறது. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கட்டிக்குள் கூட்டமாகப் புகுந்து அதனை அழிக்கத் தொடங்குகிறது. கட்டி மெல்லத் தட்டையாகி, காய்ந்து, பொருக்குத் தட்டி, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களுக்குள் மறைந்துவிடுகிறது. மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். உடல் அதனை அழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கட்டியின் மேல்தோல் உடைந்து புண்ணாகக்கூடும். பார்ப்பவர்களுக்கு நோய் முற்றிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் அது குணமாவதன் ஓர் அறிகுறியாகவும் இருக்கலாம். எதுவாயினும், புண்ணான கட்டியை மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்வதே நல்லது.

அப்படியானால் அப்பா சொன்னதுதானே சரி?

தானாக மறையும் என்றால், பேசாமல் காத்திருந்தாலே போதுமே என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. அப்பாவின் கருத்தில் உள்ள ஆபத்து இதுதான்: பொத்தான் கட்டியைப் போலவே வேடம் போட்டுக்கொண்டு வரும் இன்னொரு கட்டி இருக்கிறது.

அதன் பெயர் மாஸ்ட் செல் கட்டி. நாய்களின் தோலில் வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. நடுத்தர வயதைக் கடந்த நாய்களுக்கே பெரும்பாலும் வருகிறது என்றாலும் இளம் நாய்களுக்கும் வருவதுண்டு. பாக்ஸர், பக், லாப்ரடார் போன்ற இனங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. இதற்கென்று தனித் தோற்றம் கிடையாது. சிவந்த பருவைப் போலவும் இருக்கும், கொழுப்புக் கட்டியைப் போலவும் இருக்கும், பூச்சிக்கடியைப் போலவும் இருக்கும். இன்று பெரிதாகவும் நாளை சிறிதாகவும் தோன்றி, 'குறைந்துவிட்டது' என்று வீட்டாரை ஏமாற்றவும் செய்யும்.

இந்தக் கட்டியின் அணுக்களுக்குள் ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்கள் நிறைந்துள்ளன. கையால் அழுத்திப் பிதுக்கினால் அவை வெளியேறி, சுற்றிலும் வீக்கத்தையும் சிவப்பையும் உண்டாக்கும். சில நாய்களுக்கு வாந்தியும் வயிற்றுப் புண்ணும்கூட ஏற்படும். 'என்னவென்று அழுத்திப் பார்ப்போம்' என்ற ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டியதற்குக் காரணம் இதுவே.

பாதம் என்ற இடத்தையும் மறந்துவிடக் கூடாது. முதுகிலோ வயிற்றிலோ ஒரு கட்டியை அகற்றினால் சுற்றியுள்ள தோலை இழுத்துத் தைத்துவிடலாம். பாதத்தில் அப்படி இழுத்துத் தைக்க உபரித் தோல் கிடையாது. தோலுக்கு அடியில் நேராக நரம்பும் தசைநாணும் எலும்பும்தான் இருக்கின்றன. மிளகளவில் இருக்கும்போது எளிதாக எடுத்துவிடக்கூடிய கெட்ட கட்டி, நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்த பிறகு ஒரு விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகலாம். அதனால்தான், பாதத்தில் காணும் கட்டியை 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. கட்டி பட்டாணி அளவைத் தாண்டினாலோ, ஒரு மாதம் கடந்தும் மறையாமல் இருந்தாலோ, இன்னும் காத்திருக்காமல் சோதித்துவிட வேண்டும். வேகமாக வளரும் கட்டியை அதற்கு முன்பே காட்டிவிட வேண்டும்.

ஓர் ஊசி சொல்லும் உண்மை

சோதனை என்றதும் மயக்க மருந்து, கத்தி, தையல் என்றெல்லாம் மனம் பதற வேண்டியதில்லை. தடுப்பூசி போடப் பயன்படும் ஊசியைப் போன்ற மெல்லிய ஊசி ஒன்றே இதற்குப் போதும். மருத்துவர் அதனைக் கட்டிக்குள் செலுத்தி, சில நொடிகளில் வெளியே எடுப்பார். ஊசித் துளையில் சிக்கிய அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். பெரும்பாலான நாய்களுக்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. பாதத்தைத் தொடவிடாமல் முரண்டு பிடிக்கும் நாய்க்கு மட்டும் இலேசான மயக்கம் கொடுக்க நேரலாம்.

மாஸ்ட் செல் கட்டியாக இருந்தால், அணுக்களுக்குள் ஊதா நிற மணிகள் கொட்டிக் கிடப்பது பெரும்பாலும் தெரியும். பொத்தான் கட்டியாக இருந்தால் வெளிறிய உருண்டை அணுக்கள் தெரியும். குணமாகத் தொடங்கியிருந்தால் அவற்றிடையே சிறு வெள்ளை அணுக்களும் கூட்டமாகக் காணப்படும். சீழ்க்கட்டியாக இருந்தால் கிருமிகளும் அவற்றோடு போராடும் அணுக்களும் தென்படும். வேலிக்கு அப்பால் நின்று சொல்ல முடியாத பதிலை அந்தச் சிறு கண்ணாடித் தகடு சொல்லிவிடுகிறது.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. சில வேளைகளில் போதிய அணுக்கள் கிடைக்காமல் போகலாம், அல்லது பார்த்த அணுக்களைக் கொண்டு முடிவுக்கு வர இயலாமல் இருக்கலாம். அப்போது கட்டியின் ஒரு சிறு துண்டையோ முழுக் கட்டியையோ எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்த அறிக்கையே இறுதியானது. எந்தக் காரணத்துக்காகக் கட்டி அகற்றப்பட்டாலும், அதனைக் குப்பையில் போடாமல் ஆய்வுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்வது நாய் வளர்ப்பவரின் உரிமை, கடமையும்கூட.

செலவைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டணத்தை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மலேசியாவில் தனியார் மருத்துவர்களோடு, செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. எங்கே போனாலும் ஊசிப் பரிசோதனைக்கு ஆகும் செலவு, தாமதத்தால் பின்னர் செய்ய நேரும் பெரிய அறுவையின் செலவை விடச் சிறியதே.

செய்யக் கூடாதவை

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கைவைத்தியமே சில வேளைகளில் கட்டியை விடப் பெரிய கேட்டை உண்டாக்கிவிடுகிறது.

முடியாலோ நூலாலோ கட்டியை இறுக்கிக் கட்டக் கூடாது. இரத்த ஓட்டம் நின்று தசை அழுகும், கிருமி புகும், நாய் வலியால் துடிக்கும். நூல் நழுவி விரலையே இறுக்கிவிட்டால் விரல் போய்விடும். சுண்ணாம்பு தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். பிளேடால் சீவுவதும், சூடு வைப்பதும் கொடுமையே. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருந்தது என்ன என்பதைச் சொல்லக்கூடிய சான்றும் அதனோடு அழிந்துவிடுகிறது.

மனிதர்களுக்கான மருந்துகளையும் தடவக் கூடாது. பாதத்தில் எதைத் தடவினாலும் நாய் அதனை நக்கி விழுங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. மனிதர்களின் தோல் புற்றுக்குப் பயன்படும் ஃபுளோரோயுராசில் களிம்பு சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே நாயின் உயிரைக் குடித்துவிடக்கூடியது. சொரியாசிஸ் நோய்க்கான கால்சிப்போட்ரையால் களிம்பும், மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் நாய்க்கு ஆபத்தானவையே. தேயிலை மர எண்ணெய் இயற்கையானது என்று எண்ணித் தடவுவோரும் உண்டு. அதுவும் நாய்க்கு நஞ்சாகக்கூடும். வலிக்கிறதே என்று பரிதாபப்பட்டுப் பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

இன்னொன்று ஸ்டீராய்டு. அரிப்புக்கென்று முன்பு வாங்கிய களிம்போ மாத்திரையோ பல வீடுகளில் மிச்சம் இருக்கும். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கக்கூடியது. பொத்தான் கட்டியை அழிப்பதே அந்தச் சக்திதான். காவல்காரரின் கையைக் கட்டிப்போட்டால் திருடன் எப்படி வெளியேறுவான்? எனவே மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு பக்கமே போகக் கூடாது.

காத்திருப்பதும் ஒரு சிகிச்சையே

பரிசோதனையில் அது பொத்தான் கட்டி என்று தெரிந்தால், மருத்துவர் பெரும்பாலும் "காத்திருங்கள்" என்றுதான் சொல்வார். வெறுங்கையோடு அனுப்புகிறாரே என்று சிலர் மனம் குறைப்படுவர். உண்மையில், தெரிந்து காத்திருப்பது வேறு, தெரியாமல் காத்திருப்பது வேறு. முன்னது சிகிச்சை, பின்னது அலட்சியம்.

காத்திருக்கும் நாட்களில் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு.

நாயை நக்கவும் கடிக்கவும் விடக் கூடாது. நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருந்தாலும், ஓயாமல் நக்கும் ஈரமான பாதத்தில் கிருமிதான் பெருகும். கழுத்தில் மாட்டும் புனல் வடிவக் கவசம் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு நாள் முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து கழற்றிவிட்டு, மறக்காமல் மீண்டும் மாட்ட வேண்டும்.

வெளியே போய்வந்ததும் பாதத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் இது மிகவும் அவசியம். புண்ணாகியிருந்தால் மருத்துவர் கொடுத்த கிருமிநாசினியை, அவர் சொன்ன அளவுக்கு நீர் கலந்து பயன்படுத்தலாம். காற்றுப் புகாமல் துணியால் இறுக்கிச் சுற்றி வைப்பது நல்லதல்ல. நண்பகலில் சுடும் தார்ச்சாலையில் நடத்திச் செல்வதையும் தவிர்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், கட்டிக்குப் பக்கத்தில் ஒரு 10 சென் நாணயத்தைப் பிடித்துப் படம் எடுத்து வைக்கலாம். அந்த நாணயத்தின் குறுக்களவு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். கட்டி வளர்கிறதா, சுருங்குகிறதா என்பதை நினைவை விட அந்தப் படங்கள் துல்லியமாகக் காட்டும். மருத்துவருக்கும் அவை பேருதவியாக இருக்கும். இந்தப் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களுடைய பயமும் குறையும்.

நாய் நொண்டினாலோ, இரத்தமோ சீழோ வடிந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, வேறிடங்களில் புதிய கட்டிகள் தோன்றினாலோ, தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டினாலோ, சாப்பாடு குறைந்து வாந்தி எடுத்தாலோ, குறித்த நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும். மூன்று மாதங்கள் ஆகியும் கட்டி சுருங்காவிட்டால் அறுவை மூலம் அகற்றிவிடுவது வழக்கம். அகற்றினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

பரிசோதனையில் மாஸ்ட் செல் கட்டி என்று வந்துவிட்டால்? அப்போதும் கை நழுவிப் போய்விடவில்லை. சிறிதாக இருக்கும்போதே, சுற்றியுள்ள தோலோடு சேர்த்து முழுமையாக அகற்றப்பட்ட கட்டிகளில் பல மீண்டும் வருவதில்லை. எவ்வளவு விரைவில் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

இங்கே சொல்லப்பட்ட நம்பிக்கை இளம் நாய்களுக்குரியது. எட்டு, பத்து வயதான நாயின் விரல் வீங்கினாலோ, நகம் ஆடினாலோ, நகத்தடியில் ஆறாத புண் இருந்தாலோ, அது வேறு கதை. நகத்தடியில் வரும் கொடிய புற்றுகள் முதிய நாய்களையே தேடி வருகின்றன. அங்கே ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

"நாய்க்கு வந்தது எனக்கும் வருமா?" வராது. பொத்தான் கட்டி மனிதருக்கோ மற்ற நாய்க்கோ பூனைக்கோ தொற்றாது. தொட்டபின் கையைக் கழுவும் பொதுவான சுத்தம் போதும்.

"நான் சாக்லெட் மாவு பிஸ்கெட் கொடுத்ததால் வந்ததா?" இல்லை. சாக்லெட் நாய்க்கு நஞ்சு என்பதால் அதைக் கொடுக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் இந்தக் கட்டி உணவினால் வருவது என்பதற்கு ஆதாரமில்லை. யாருடைய கவனக்குறைவினாலும் இது வரவில்லை.

"இதை வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்களா?" இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். தோலில் ஏதாவது வந்துவிட்டால் 'அருவருப்பாக இருக்கிறது', 'பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்' என்று சொல்லி, நாயைச் சந்தைப் பக்கமோ செம்பனைத் தோட்டத்துப் பக்கமோ இறக்கிவிட்டு வருவோர் இன்னும் இருக்கிறார்கள். அறியாமையால் பிறக்கும் அச்சமே பெரும்பாலும் இதற்குக் காரணம். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் விலங்கைக் காக்கும் கடமையை அதன் உரிமையாளரிடமே ஒப்படைக்கிறது. விலங்கு வதைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் வகை செய்கிறது. ஆனால், சட்டத்துக்குப் பயந்து செய்வதை விட, வாசலில் காத்து நிற்கும் அந்தச் சீவனுக்காகச் செய்வதே பெருமை.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். மறுநாள் மாலையே அப்பா நாயைக் காரில் ஏற்றுகிறார். மருத்துவர் ஊசியால் அணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார். "பொத்தான் கட்டிதான் ஐயா. இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். மூன்று வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள், நக்க மட்டும் விடாதீர்கள்" என்கிறார். அப்பாவுக்கு உயிர் வந்ததுபோல் இருக்கிறது. பாட்டிக்கு மட்டும் சற்றே வருத்தம். "எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் யார் பார்த்தார்கள்?" என்று கேட்டுக்கொண்டே, நாயின் காலை முந்தானையால் துடைத்துவிடுகிறார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளை 10 சென் நாணயத்தைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுக்கிறாள். மூன்றாம் வாரம் நாணயத்தில் பாதியளவு. ஐந்தாம் வாரம் மேலே பொருக்கு. எட்டாம் வாரம், நாணயத்தை எந்த இடத்துக்குப் பக்கத்தில் பிடிப்பது என்று தெரியாமல் பிள்ளை தடுமாறுகிறாள். அங்கே புதிதாக முடி முளைத்திருக்கிறது.